மாஸ்டாய்டு அறுவை வரலாற்றில் கைக்குழந்தையின் இடம்

கைக்குழந்தைகளின் நடுச்செவி அழற்சி பெரும்பாலும் சில நாள்களில் தணிந்துவிடும். அரிதாகவே சீழ் செவிக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பை அரித்தும் மூளையுறையை எட்டியும் உயிருக்கு ஊறு விளைவிக்கிறது. இவ்வரிய விளைவுகளுக்கான அறுவையின் வரலாறு வளர்ந்தோரின் உடலைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது.

பாரிசில் ஷான் லூயி பெத்தீ இவ்வெலும்பைத் திறந்து சீழை வெளியேற்றினார். அவர் மறைந்து 24 ஆண்டுகளுக்குப் பின், 1774இல்தான் அவர்தம் நூல் வெளிவந்தது. 1776இல் பிரஷ்யப் படை மருத்துவர் யாசர் ஒரு படைவீரருக்கு இவ்வறுவையைச் செய்தார். 1791இல் டென்மார்க் அரச மருத்துவர் யோஹான் யுஸ்ட் பெர்கர் இதற்கு உட்பட்டு இறக்கவே, முறையே பழிக்கு ஆளாகி ஏறத்தாழக் கைவிடப்பட்டது. பெர்கருக்கு இருந்தவை செவிட்டுத்தன்மையும் செவியிரைச்சலும், சீழ் இல்லை. வேண்டாத இடத்தில் நேர்ந்த தோல்வி, வேண்டிய இடத்திலும் கத்தியைத் தடுத்தது. 1873இல் ஹாலே நகரின் ஹெர்மன் ஷ்வார்ட்ஸே, ஐசெல் என்பாருடன் இணைந்து, எவருக்கு எந்நிலையில் செய்வது என வரையறுத்த பின்னரே அறுவை மீண்டும் நிலைபெற்றது.

ஆயினும் குழந்தையின் எலும்பு வேறு. பிறக்கும்போது மாஸ்டாய்டு முனைப்பு உருவாகியிருப்பதில்லை; ஒரு சிற்றறை மட்டுமே உண்டு. எலும்பின் காப்பின்றி முகநரம்பு தோலுக்கு அண்மையில் வெளிப்படுவதால், வளர்ந்தோருக்குரிய கீறலை அப்படியே இட்டால் முகம் வாதமுறக்கூடும். தன் நோவைச் சொல்ல இயலாத குழந்தையிடம் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியனவே தென்படும்.

இம்மௌனத்தை மருத்துவர்கள் எவ்வாறு நிரப்பினர் என்பதே வரலாற்றாய்வாளர் போதிய கவனம் செலுத்தாத பகுதி. 1920களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மெக்கிம் மாரியட் உள்ளிட்டோர், குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு மாஸ்டாய்டில் மறைந்துள்ள சீழே காரணமாகலாம் எனக் கருதினர். அக்கருத்தின் வழி, செவியில் வெளிப்படையான வீக்கமே இல்லாத குழந்தைகளின் எலும்பும் திறக்கப்பட்டது. பின்னர் அக்கொள்கை வலுவிழந்தது. பெர்கர் என்னும் ஒருவரின் இறப்பு ஓர் அறுவையை நிறுத்தப் போதுமானதாயிற்று. பெயர் பதிவுறாத குழந்தைகளின் இறப்போ அவ்வாறு எளிதில் சான்றாகவில்லை.

சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் வந்தபின் இவ்வறுவை அருகியது. எனினும் நுண்ணுயிர்க்கொல்லியை உடனே வழங்காது காத்திருக்கும் நெதர்லாந்தில் மாஸ்டாய்டு அழற்சி இலட்சத்துக்கு ஆண்டொன்றுக்கு 3.8 என்றும், மருந்தைத் தாராளமாக வழங்கும் நாடுகள் பலவற்றில் 1.2 முதல் 2 வரை என்றும் 2001இல் வெளியான ஒப்பாய்வு காட்டியது. அவ்வெண்கள் 14 வயது வரையுள்ள சிறாரை ஒரே தொகுதியாகக் கொண்டவை.