சம்மனை யார் கையில் கொடுத்தார்கள்?

2019ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலை நேரம். சித்தி திண்ணையில் சுளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு காவலர் வந்து அவள் பெயரைக் கேட்டிருக்கிறார். "உங்க பேர்ல கோர்ட்ல பிடிவாரண்ட் இருக்கு. சீக்கிரம் போய்ப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் சித்தி எனக்குப் போன் செய்தாள்.

"ஏட்டி, நான் யாரு வம்புக்குப் போனேன்? என் பேர்ல எப்படிட்டி வாரண்டு வரும்?"

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற சிற்றூர் எங்களுடையது. கணவன் வீட்டிலிருந்து சித்தி பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் விட்டு வந்த வீடும் அதே கால்வாய்க் கரையில்தான், பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம். போலீஸுக்குப் பயந்து அவள் எங்கும் ஓடவில்லை. ரேஷன் கடை, பீடிக் கம்பெனி, கோயில் கொடை என்று எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தாள். நீதிமன்றக் காகிதத்தில் மட்டும் அவள் 'தலைமறைவு'.

முதல் வேலையாக, அந்த வாரண்ட் எந்த வழக்கில் பிறந்தது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்து, பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். சித்தியின் பெயரை நான்கு விதமாக அடித்து, ஒவ்வொரு ஆண்டாக மாற்றிப் பார்த்த பிறகுதான் அது கிடைத்தது. வழக்கு எண், பதினாறு இலக்கச் சி.என்.ஆர். எண், அதன் கீழே பிணையில் விட முடியாத பிடியாணை நிலுவையில் இருப்பதாக ஒரு வரி.

அந்த எண்ணோடு ஒரு வழக்கறிஞரைப் பிடித்துக் கட்டைப் பார்த்தோம். கணவன் வீட்டில் அவள் இருந்த காலத்தில், வரப்புத் தகராறில் இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டிருக்கின்றன. இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506(1) என்று நம் பக்கத்துத் தகராறுகளுக்கெல்லாம் அப்போது வழக்கமாகப் போட்டுவந்த பிரிவுகள். வீட்டு ஆண்கள் மூன்று பேர், நான்காவது எதிரியாகச் சித்தி. சண்டை நடந்ததும், ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டதும் அவளுக்கு நினைவிருந்தது. "எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னுல்லா சொன்னாவ" என்றாள். குற்றப்பத்திரிகை தாக்கலானபோது அவள் அந்த வீட்டிலேயே இல்லை.

கட்டுக்குள் சம்மனின் நகல் இருந்தது. பின்பக்கத்தில், பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து. சித்தியின் கொழுந்தனுடையது. ஆண்கள் மூவரும் வக்கீல் வைத்து வாய்தாவுக்குப் போயிருக்கிறார்கள். சித்தி வரவில்லை என்று அவள் மீதான வழக்கைத் தனியாகப் பிரித்து, பிடியாணையும் பிறப்பித்திருக்கிறார்கள். மூவரின் வழக்கு முடிந்தே போய்விட்டது. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் இதைக் கொழுந்தனின் குணக்கேடு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். சட்டப் புத்தகத்தைத் திறந்த பிறகுதான், கொழுந்தன் கையில் அந்தக் காகிதம் போனதற்கு ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது.

ஒருவருக்குச் சம்மன் கொண்டுபோகும்போது அவர் வீட்டில் இல்லையென்றால் என்ன செய்வது? 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த வயதுவந்த ஓர் ஆணிடம் கொடுக்கலாம் என்றது. சுதந்திரத்துக்குப் பின் 1973இல் புதிய சட்டம் வந்தது. 64ஆம் பிரிவிலும் அதே ஆண்தான் நின்றான். வீட்டில் தாய், மனைவி, படித்த மகள் என எத்தனை பெண்கள் இருந்தாலும் சம்மனை வாங்கும் தகுதி அவர்களுக்கு இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் முன்பு இப்படித்தான் இருந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அங்கே 'ஆணாயினும் பெண்ணாயினும்' என்று மாற்றியது. அதாவது, கடன் வழக்கின் சம்மனை ஒரு பெண் வாங்கலாம் என்று ஆன பிறகும், குற்ற வழக்கின் சம்மனை அவள் வாங்க முடியாது. 2024 ஜூலை 1ஆம் தேதி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோதுதான், அதன் 66ஆம் பிரிவில் 'ஆண்' என்ற சொல் போயிற்று. அந்த ஒரு சொல் போவதற்கு உரிமையியல் திருத்தத்துக்குப் பிறகும் ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நினைப்பு இருக்கிறது. வீடு என்றால் அதற்கு ஓர் ஆண் இருப்பான், அவனுக்குத் தெரிந்தால் வீட்டுக்கே தெரிந்த மாதிரி என்ற நினைப்பு. அடித்துத் துரத்தப்பட்டவள், கோபித்துக்கொண்டு வந்தவள், விதவையாகி அண்ணன் வீட்டில் ஒதுங்கியவள் ஆகியோருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. பெண்ணின் முகவரி கல்யாணத்தில் ஒருமுறை மாறுகிறது, கல்யாணம் முறிந்தால் மறுபடி மாறுகிறது. கோர்ட் கட்டில் மட்டும் பழைய முகவரி அப்படியே கிடக்கிறது.

கைது ஆணை என்றாலே எங்கள் வட்டாரம் நினைவில் வைத்திருப்பதும் ஆண்களைத்தான். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர், பிரிட்டிஷ் அரசின் கைதுக்குத் தப்பி 1910இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். அவருக்கு முன்பே, 1908இல், பாரதி அங்கே போயிருந்தார். 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும் கடலூரில் கைதாகி, டிசம்பரில் விடுதலையாகி, மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்கு வந்தார். அந்தக் கடையமும் இந்தச் சீமைதான். அந்தப் பத்து வருட ஒதுங்கல் அவருடைய வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம். பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, வேவு பார்ப்பவர்கள் சுற்றிய தெருவில் அடுப்பு மூட்டிய செல்லம்மாவுக்கு அதே பத்து வருடம் எப்படிக் கழிந்தது என்று நம் பாடப் புத்தகங்கள் கேட்டதில்லை. ஆணின் தலைமறைவு தியாகக் கதையாகலாம். சித்தியின் தலைமறைவில் சொல்லிக்கொள்ள ஒரு கதையும் இல்லை, ஊர்ப்பேச்சுக்குப் பயந்து கழித்த சில ராத்திரிகள் மட்டும்தான்.

அந்த ராத்திரிகளில் அவளுக்கு உதவியது சட்டத்தின் இன்னொரு வரி. அசாதாரணச் சூழ்நிலை இருந்தாலொழிய, சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்ய நேர்ந்தாலும் பெண் காவலர்தான் போக வேண்டும், நீதித்துறை நடுவரின் முன் அனுமதியும் வேண்டும். 46ஆம் பிரிவில் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது இது. இப்போதைய சட்டத்தில் 43(5). "ராத்திரி வர மாட்டாங்க சித்தி, தூங்குங்க" என்று நான் சொன்னபோது, "இது சட்டத்துல எழுதியா இருக்கு?" என்று இரண்டு முறை கேட்டாள்.

பிடியாணைக்குக் காலாவதி கிடையாது. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரையோ, அதன்படி கைது நடக்கும் வரையோ அது உயிரோடு இருக்கும். பழைய சட்டத்தில் 70(2), இப்போது 72(2). ஒளிந்திருந்தால் தீராது. ஸ்டேஷனில் யாரையாவது பார்த்துப் பேசினாலும் தீராது. பிறப்பித்த நீதிமன்றத்துக்கே போய், வக்காலத்தும், பிடியாணையைத் திரும்பப் பெறக் கோரும் மனுவும் தாக்கல் செய்து, நேரில் நிற்க வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்கவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண்ணாக இருந்தாலே போதும், வருமானக் கணக்குக் கேட்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கேட்கலாம், 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

சித்தி காலை பத்து மணியிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு மேல் அவள் பெயரைக் கணவன் பெயரோடு சேர்த்து டவாலி கூப்பிட்டார். அந்தப் பெயரோடு சேர்த்துத் தன்னை யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளானதால் முதலில் அவளுக்கு விளங்கவில்லை. நான்தான் எழுப்பிவிட்டேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று நடுவர் கேட்டார்.

"எங்கிட்ட யாரும் சொல்லலைம்மா. நான் அந்த வீட்லயே இல்ல."

அவளோடு குடியிருக்காத ஒருவரிடம் சம்மனைக் கொடுத்தது செல்லாது என்று வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார். முதலில் சம்மன், அடுத்து பிணையில் விடக்கூடிய ஆணை, கடைசியில்தான் பிணையில் விட முடியாத ஆணை என்று இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்ன படிமுறையையும் நினைவூட்டினார். பிடியாணை ரத்தானது. ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. வீட்டு வரி ரசீது எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண் பெயரிலும் இல்லை. மாமாதான் கையெழுத்துப் போட வந்தார்.

ரத்தானதோடு வேலை முடிந்துவிடாது. நீதிமன்றத்தில் ரத்தான ஆணை ஸ்டேஷன் பதிவேட்டில் நிலுவையாகவே கிடந்தால் கைது நடக்கும். மும்பை வழக்கறிஞர் ஒருவரை அப்படித்தான், ரத்தான ஆணையைக் காட்டி 2002 சுதந்திர தினத்தன்று கைது செய்தார்கள். அந்த வழக்கில் 2011இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், பிடியாணைகளுக்குப் பதிவேடு வைத்து ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும் என்று வழிமுறைகள் வகுத்தது. நாங்கள் உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி ஸ்டேஷனில் கொடுத்து, இன்னொரு நகலில் ரசீது வாங்கிக்கொண்டோம். பிறகு சில வாய்தாக்களில் வழக்கும் விடுதலையில் முடிந்தது.

இந்த அலைச்சலுக்கு நடுவில் சித்தி ஒருநாள் கேட்டாள். "அவருக்கும் ஒரு வாரண்டு உண்டுல்லா, அது என்னட்டி ஆச்சு?"

நான் அதை மறந்தே போயிருந்தேன். ஜீவனாம்சப் பாக்கிக்காகச் சித்தி போட்ட மனுவில், 125(3) பிரிவின் கீழ் அவள் கணவன் மீதும் வாரண்ட் போட்டிருந்தார்கள். மனைவிக்கு ஜீவனாம்சம் தர வைக்கும் ஏற்பாடு 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. அதிகபட்சம் மாதம் 50 ரூபாய். 1923இல் 100, 1955இல் 500. உச்சவரம்பே கூடாது என்று ஆனது 2001இல்தான். தொகை ஏறியது, ஆனால் கொடுக்காதவனைத் தேடிப் போகிற காகிதம் மட்டும் அதே பழைய நடையில்தான் நடக்கிறது. சித்தியின் மனுவில் வாரண்ட் இரண்டு முறை 'ஆள் இல்லை' என்று திரும்பியிருந்தது. அவர் இருந்தது அதே வீட்டில்தான், சித்திக்கான சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய வீட்டில். வழக்கறிஞர் மூலம் மறுபடி மனுப் போட்டோம். அவர் வீட்டில் இருக்கும் நேரம், போய்வரும் கடை எல்லாவற்றையும் சித்தியே சொல்லி எழுதவைத்தாள். மூன்றாம் மாதம் பாக்கியில் ஒரு பகுதி வந்தது. மீதி இன்னும் வரவில்லை.

சான்றிட்ட நகல் இப்போதும் அவளுடைய பீடிக் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. முகவரி மாற்றத்தைக் கோர்ட்டில் தெரிவிக்க மனு எழுதியபோது வழக்கறிஞர் வழக்கம்போல் 'க/பெ' என்று தொடங்கினார். சித்தி அவரை நிறுத்தினாள். எங்கள் தாத்தா பெயரைச் சொல்லி, "த/பெ போடுங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அம்மா பேரப் போட முடியாதாட்டி?"