பழைய பிபிசி மைக்ரோ, ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் இருக்கா? எடைக்குப் போடும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பரணிலோ, பள்ளி ஸ்டோர் ரூமிலோ கீபோர்டு மாதிரி ஒரு கனமான பெட்டி கிடக்கலாம். ஸ்விட்ச் போட்டால் படம் வராது, கேசட்டும் ஓடாது. 'செத்துப் போச்சு' என்று எடைக்குப் போட்டுவிடுவோம். ஆனால் இந்தப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பல நேரம் முதலில் போவது மூளையான சிப் அல்ல. பவர் சப்ளை, கேசட் அல்லது ஃப்ளாப்பி, டிவியோடு இணைக்கும் வழி ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றுக்கும் இன்று புது மாற்று இருக்கிறது. அதை வைத்துத்தான் ஆர்வலர்கள் 40 வருஷ மெஷின்களை இன்னும் ஓட்டுகிறார்கள்.

இந்தியாவுக்கு எப்படி வந்தன?

இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் பிபிசி மைக்ரோவை வெளியிட்டது. 1984-ல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில், முதற்கட்டமாக சுமார் 250 பள்ளிகளுக்குப் போனது இந்த மெஷின்தான். ஒரு தலைமுறை மாணவர்கள் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்டது இப்படித்தான். இன்னொரு பக்கம், 1982-ல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமின் இந்திய வடிவத்தை 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் விற்றது.

பிபிசி மைக்ரோ 'பி' மாடலின் மெமரி வெறும் 32 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோகூட அதற்குள் அடங்காது.

கேசட்டுக்குப் பதில் என்ன?

எஸ்.டி கார்டு! பிபிசி மைக்ரோவின் அடியில் இருக்கும் யூசர் போர்ட்டில் ஒரு சின்ன கார்டு ரீடரைச் செருகி, எம்எம்எஃப்எஸ் என்ற மென்பொருள் உள்ள ரோம் சிப்பை உள்ளே பொருத்தினால் போதும். தலா 200 கேபி கொண்ட 511 ஃப்ளாப்பிகள் ஒரே ஃபைலில் அடங்கிவிடும். ஸ்பெக்ட்ரமுக்கு இதே வேலையை 'டிவ்எம்எம்சி' என்ற கார்டு செய்கிறது.

கார்டு வாங்கும் வரை செல்போனே போதும். அந்தக் கால கேசட்டில் இருப்பது வெறும் சத்தம்தான். அந்த ஆடியோவை செல்போனில் ஓடவிட்டு, ஹெட்போன் வயர் வழியாக ஸ்பெக்ட்ரமின் 'இயர்' சாக்கெட்டில் கொடுத்தால் புரோகிராம் ஏறிவிடும்.

புது டிவியில் தெரியுமா?

பழைய ஆன்டெனா சிக்னலைப் பல எல்இடி டிவிகள் சரியாகப் பிடிப்பதில்லை. பிபிசி மைக்ரோவில் ஆர்ஜிபி வெளியீடு இருப்பதால், ராஸ்பெரி பை ஜீரோவை வைத்து இயங்கும் ஒரு சின்ன போர்டு அதை எச்டிஎம்ஐ ஆக மாற்றித் தருகிறது. ஸ்பெக்ட்ரமுக்கு உள்ளே சிறு மாற்றம் செய்து, ஏவி வயரிலேயே படம் வரவைக்கலாம்.

உங்க செல்போனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் இதைப் படிக்கும் போனின் சிப் அநேகமாக 'ஆர்ம்' வகை. அதை வடிவமைத்தவர்கள் ஏகார்னின் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். 1985 ஏப்ரலில் வந்த முதல் ஆர்ம் சிப், பிபிசி மைக்ரோவின் 'ட்யூப்' என்ற இணைப்பில் இரண்டாவது பிராசஸராக இணைக்கப்பட்டே வேலை செய்தது. இன்று அதே ட்யூபில் ஆர்வலர்கள் ராஸ்பெரி பை போர்டை மாட்டுகிறார்கள். அதிலும் இருப்பது ஆர்ம் சிப்தான். பழைய மெஷின் 5 வோல்ட், பை 3.3 வோல்ட் என்பதால், நடுவில் வோல்டேஜ் மாற்றும் போர்டு கட்டாயம்.

ஸ்விட்ச் போடும் முன் கவனிக்க வேண்டியது

பல வருஷம் சும்மா கிடந்த மெஷினை நேராக கரன்ட்டில் போடாதீர்கள். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் இருக்கும் 'ரிஃபா' கண்டென்சர்கள் வயதாக ஆக வெடிப்பு விட்டு ஈரத்தை இழுக்கும். கரன்ட் பட்டதும் புகை கக்கும். அதை முதலில் மாற்ற வேண்டும். அங்கே 230 வோல்ட் பாய்வதால் விவரம் தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும்.

ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் அடாப்டர். ஆனால் பின்னின் நடுப்பகுதி மைனஸ். இப்போது கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுவில் பிளஸ். மாற்றிச் செருகினால் உள்ளே சிப் போய்விடும்.

திருவண்ணாமலையில் இருந்தே செய்யலாமா?

செய்யலாம். இந்த போர்டுகளில் பெரும்பாலான பாகங்கள் துளைக்குள் காலை விட்டு ஈயம் வைத்தவை. பழைய டிவி மெக்கானிக் ஒருவருக்குக் கைவந்த வேலை. கண்டென்சர், சாக்கெட் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எஸ்.டி கார்டு போர்டுகளை ஆன்லைனில் வரவழைக்கலாம். இங்கே அடிக்கிற வெயிலில் ஒன்று மட்டும் முக்கியம். இரண்டு மெஷின்களிலும் உள்ள 'யுஎல்ஏ' சிப் நன்றாகச் சூடாகும். அதன் மேல் அலுமினிய ஹீட் சிங்க் ஒட்டுவது நல்லது.

போனிலேயே எமுலேட்டர் இருக்கே, இது எதுக்கு?

கேம் மட்டும் ஆட எமுலேட்டர் போதும். ஆனால் அப்பா எழுதிய புரோகிராமோ, ஆசிரியர் போட்ட மார்க் லிஸ்ட்டோ எமுலேட்டரில் இருக்காது. அந்தக் கேசட்டிலும் ஃப்ளாப்பியிலும்தான் இருக்கும். காந்தப் பூச்சு வருஷம் போகப் போக உதிரும். அதனால் மெஷினைச் சரி செய்யும் முன்பே, கேசட்டில் இருப்பதை ஆடியோவாகப் பதிவு செய்துவிடுங்கள்.

உதிரி பாகமும் குறைந்துகொண்டே வருகிறது. ஸ்பெக்ட்ரமின் மூளையான இசட்-80 தனிச் சிப்புக்கு ஆர்டர் எடுப்பதை ஸைலாக் நிறுவனம் 2024 ஜூனோடு நிறுத்திவிட்டது. ஒரிஜினல் யுஎல்ஏ சிப் எப்போதோ நின்றுபோனது. அது வேண்டுமென்றால் இன்னொரு பழைய மெஷினில் இருந்துதான் கழற்ற வேண்டும். அதனால் உங்கள் மெஷின் ஓடவே ஓடாது என்றாலும் எடைக்குப் போடாதீர்கள். சரி செய்யத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால், அதில் உள்ள சிப் இன்னொரு மெஷினை ஓடவைக்கும்.