'வெள்ளைக்காரன் காலத்து வாள் சார்!' - பல்லாவரம் சந்தையில் பர்ஸை எடுக்கும் முன் இதைப் படிங்க

வெள்ளிக்கிழமை காலை, பல்லாவரம் சந்தை. பழைய ஃபேன், ரேடியோ, ஓடாத கடிகாரங்களுக்கு நடுவுல ஒரு நீளமான வாள். பித்தளைப் பிடி, கறுத்துப்போன பிளேடு. "வெள்ளைக்காரன் காலத்து வாள் சார், ஒரிஜினல்" என்கிறார் கடைக்காரர். தாம்பரம் வீட்டு ஹால்ல மாட்டினா எப்படி இருக்கும்னு உங்க மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும். கொஞ்சம் பொறுங்க பாஸ்!

முத்திரையை நம்பாதீங்க

பிளேடில் 'டொலேடோ', 'சோலிங்கன்'னு எழுதியிருந்தா மட்டும் அது ஒரிஜினல் ஆகிடாது. இந்த ஏமாத்து வேலை இன்னைக்கு நேத்து வந்ததில்லை. ஆன்ட்ரியா ஃபெராரா 16-ம் நூற்றாண்டு இத்தாலியக் கொல்லர். அவர் பெயருக்கு இருந்த மவுசைப் பார்த்து, ஜெர்மனியின் சோலிங்கன் கொல்லர்கள் தங்கள் பிளேடுகளில் அதைப் பொறிச்சு வித்தாங்க. பாசாவ் நகரத்தின் 'ஓடும் ஓநாய்' முத்திரைக்கும் இதே கதிதான். முத்திரை ஒரு துப்பு, அவ்வளவுதான்.

கையில் எடுத்துப் பாருங்க

* எடை: ஒரு கையால் வீசும் ஐரோப்பிய வாள்கள் பெரும்பாலும் 1 கிலோவை ஒட்டியே இருக்கும். தூக்கினதும் கை தொங்கினா சந்தேகப்படுங்க.
* தடிமன்: நிஜ வாள் பிடிக்குப் பக்கத்தில் தடிமனா இருந்து, நுனிக்குப் போகப் போக மெலியும். முழு நீளமும் ஒரே தடிமன்னா, தகட்டில் வெட்டினதா இருக்கலாம்.
* துரு: பழைய துரு கரும்பழுப்பா, உலோகத்தோட ஒட்டியிருக்கும். ஆரஞ்சு நிறத்தில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தா, ஆசிட் வேலையா இருக்கலாம்.
* காந்தம்: 'பித்தளைப் பிடி'யில் காந்தம் ஒட்டினா, அது முலாம் பூசிய இரும்பு.
* பளபளப்பு: எவர்சில்வர் மாதிரி மின்னினா, 1913-ஐ நினைவில் வைங்க. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை உருவாக்கிய வருஷம் அது. '300 வருஷ வாள்'ங்கிற கதை அங்கேயே முடிஞ்சிடும்.

இன்னொரு விஷயம். டேராடூனில் 1943-ல் தொடங்கிய வின்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ், பழைய மாடல் வாள்களைப் புதுசாத் தயாரிச்சு, புதுசுன்னு சொல்லியேதான் விக்குது. இந்த மாதிரி வாள்கள் நாலு கை மாறும்போதுதான் 'ஆன்டிக்' கதை ஒட்டிக்கும்.

பிடி வேற, பிளேடு வேற... போலியா?

அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க. போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்த பிளேடுகளுக்கு நம்மூர்ப் பிடி போட்டு மராத்தியர்கள் பயன்படுத்தினாங்க. அதுக்குப் பெயர் 'ஃபிரங்கி'. உங்க ட்ரெயின் தினமும் தாண்டிப்போகும் பறங்கிமலையில் இருக்கிற அதே 'பறங்கி'தான்! தஞ்சாவூர்க் கட்டாரிகளிலும் ஐரோப்பிய பிளேடு பொருத்தும் வழக்கம் இருந்தது. அதனால பொருந்தாத ஜோடிதான் சில சமயம் அசல் சரித்திரம்.

சனிக்கிழமை ட்ரெயின் ஏறுங்க

சந்தை நடக்கிற வெள்ளிக்கிழமை, எழும்பூர் அரசு அருங்காட்சியகம், ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் ரெண்டுக்குமே விடுமுறை. அதனால பார்த்த அன்னைக்கே வாங்காதீங்க. பிளேடு, பிடி, முத்திரையை மொபைலில் போட்டோ எடுத்துக்கிட்டு, மறுநாள் தாம்பரத்தில் பீச் ட்ரெயின் ஏறுங்க. எழும்பூரில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கு. கோட்டை ஸ்டேஷனில் இறங்கினா கம்பெனி காலத்து ஆயுதங்கள். அசல் எப்படிப் பழசாகியிருக்குன்னு ஒரு தடவை கண்ணால் பார்த்துட்டா, போலி தானா உறுத்தும்.

சட்டமும் தெரிஞ்சிருக்கணும்

1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட வாளை வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கு கிஃப்டா அனுப்ப முடியாது. அந்த மாதிரிப் பொருள்களை வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேணும். ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் வாளும் ஆயுதம்தான். பில் வாங்குங்க, உள்ளூர் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பட்டாக்கத்தியில் கேக் வெட்டி வீடியோ போட்டவங்க கதி உங்களுக்கே தெரியும்!

கடைசியா ஒண்ணு. வாள் அசல்னு தோணினா, உப்புக்காகிதம் வச்சுத் தேய்ச்சுப் பளபளப்பாக்காதீங்க. முத்திரையும் பழைய படிவும்தான் அதோட ஆதார் கார்டு. தேய்ச்சு அழிச்சிட்டா, ஒரிஜினல்னு நிரூபிக்க உங்ககிட்ட எதுவும் மிஞ்சாது. மெல்லிசா எண்ணெய் தடவி, ஈரம் படாம வைங்க. அது போதும்.