அச்சிடும் பொறுப்பு கைமாறிய கதை: அஞ்சல்வழிப் பாடம் முதல் படூரின் ஜெராக்ஸ் கட்டு வரை

தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 1,112 பேர். தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இந்த வழிக்கு வந்தன. வேலையை விட முடியாத எழுத்தர், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன பெண், பட்டம் இல்லாமல் பதவி உயர்வு தட்டிப்போன ஆசிரியர் என எத்தனையோ பேரைக் கரை சேர்த்த இந்த ஏற்பாடு, அச்சகத்தையும் அஞ்சலகத்தையும் நம்பியே நடந்தது. பாடத்தை எழுதி வாங்குவது, மெய்ப்புப் பார்ப்பது, அச்சிட்டுக் கட்டி அனுப்புவது எல்லாம் நிறுவனத்தின் வேலை. அதற்கான செலவு படிப்புக் கட்டணத்துக்குள் அடக்கம்.

1985இல் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த அச்சுப் பாடத்துக்குத் தனி இலக்கணமே வகுத்தது. ஒவ்வொரு பாடமும் தொகுதிகளாகப் பிரிந்து மெல்லிய நூல்களாக வரும், தொகுதிக்குள் அலகுகள். ஒரு மதிப்பலகுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. பக்க ஓரத்தில் குறிப்பெழுத இடம் விட்டிருப்பார்கள். அலகின் இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்கள், அவற்றின் கீழே விடை எழுதப் புள்ளிக்கோடுகள், அலகின் முடிவில் சரிபார்க்கக் குறிப்புகள். ஆசிரியர் எதிரில் இல்லாத மாணவரை நிறுத்தி, யோசிக்க வைத்து, எழுதச் சொல்லும் வேலையை அந்தக் கோடுகள் செய்தன. தொலைநிலைக் கல்வி கண்டெடுத்த மிக நுட்பமான கருவியாக அதையே நான் கருதுகிறேன். 2002இல் சட்டம் வழியாக அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொடக்கத்தில் அச்சுப் பாடத்தை நம்பியே மாணவர்களைச் சேர்த்தது.

இணையம் வந்த பிறகு வேகம் கூடியது. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் 2003இல் வேலையைத் தொடங்கியது. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் 2017இல் வந்தது. 2020 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள், திறந்தநிலை, தொலைநிலைப் படிப்புகளையும் இணையவழிப் படிப்புகளையும் ஒரே ஆவணத்தில் கொண்டுவந்தன. காணொளி, மின்பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு என்ற நான்கு கூறுகள் இணையவழிப் படிப்பின் இலக்கணமாயின. பாடம் இனி கோப்பாக வந்தால் போதும்.

மாணவரோ தாளை விடவில்லை. சென்னையை அடுத்த படூரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1985இல் இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி தொடங்கிய ஊர் இது. அது 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பக்கத்தில் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குப் பஞ்சமில்லாத இந்த வட்டாரத்தில், தேர்வுக் காலத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்பது இவ்வளவுதான்: "பேக் டு பேக்கா? ஒரு பக்கத்துக்கு ரெண்டு ஸ்லைடா, நாலா? ஸ்பைரலா, சாஃப்ட் பைண்டிங்கா?" முன்பு நிறுவனத்தின் அச்சுப் பிரிவு எடுத்த முடிவுகள் இவை. இப்போது வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பிவிட்டுக் கல்லா முன் நிற்கும் மாணவர் எடுக்கிறார், கைக்காசைக் கொடுத்து.

திரைக்காகச் செய்த பாடம் தாளுக்கு எளிதில் வருவதில்லை. கரும்பின்னணி ஸ்லைடு டோனரைக் குடிக்கும். நாலு ஸ்லைடை ஒரு பக்கத்தில் அடக்கினால் அடிக்குறிப்பு கண்ணுக்குத் தெரியாது. தமிழ்வழி மாணவருக்கு இன்னொரு தொல்லை: பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கடைக் கணினியில் திறந்தால், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து தருவது சில நொடி வேலை. அதைச் செய்யாமல் விடுவது மாணவருக்கு இழைக்கும் அநீதி.

நகலெடுப்பது குற்றமா என்ற அச்சத்துக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ராமேஸ்வரி போட்டோகாப்பி கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கற்பித்தலுக்காகத் தரும் விலக்கை முன்வைத்து, தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதே ஆண்டு வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினாலும், சட்ட விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆக, சட்டம் பெரிய தடையாக இல்லை. செலவு யார் தலையில் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

அஞ்சல் துறை 2025 மே 1இல் தொடங்கிய 'ஞான் போஸ்ட்' அதற்கு ஒரு வழி காட்டுகிறது. கல்வி நூல்களுக்கான அந்தச் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 4.7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்படிப் பார்த்தால் 5 கிலோவுக்குள் 1,000 தாளுக்கு மேல் அடங்கும். இரண்டு பக்கமும் அச்சிட்டால் 2,000 பக்கம். ஒரு பருவத்துப் பாடம் முழுவதும் வீடு வந்து சேர இது தாராளம். சலுகை பெற நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. நிறுவனங்கள் தங்கள் பெயரைப் போட்டு மீண்டும் அச்சிட முன்வந்தால், இந்தக் கட்டணம் இன்றைக்கே அவர்களுக்குப் பொருந்தும்.