வாவிக்கரையும் சோற்றுப்பானையும்

மட்டக்களப்பு நாட்டை நெடுக்கே இரு கூறாகப் பிரித்துக் கிடப்பது வாவி. தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம் வரை அது ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டுள்ளது. சூரியன் எழுகின்ற கடற்பக்கத்து நிலம் எழுவான்கரை. சூரியன் படுகின்ற மேற்புறத்து நிலம் படுவான்கரை. களுவாஞ்சிக்குடி, குருக்கள்மடம், ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி முதலிய ஊர்கள் எழுவான்கரையில் நெருங்கியுள்ளன. கொக்கட்டிச்சோலை, பழுகாமம், வவுணதீவு முதலிய ஊர்களைச் சூழ்ந்து படுவான்கரையில் வயல்கள் பரந்துள்ளன. ஒரு கரையில் தென்னை, மறு கரையில் நெல்லும் எருமையும், நடுவே மீன் என அமைந்த இந்நாட்டில், ஒரு குடும்பத்தின் உணவுக்கு வேண்டியவற்றுட் பெரும்பகுதி ஒரு தோணிப் பயணத்துக்குள் அடங்கிவிடும்.

காலையில் பழஞ்சோறும் தயிரும், பகலில் சிவப்பரிசிச் சோறும், வாவியிற் பிடித்த திரளி, மணலை, இறால், நண்டு இவற்றுள் ஒன்றும், பாலாணமும், முருங்கை அல்லது பொன்னாங்காணிச் சுண்டலும், இரவில் பிட்டு. சேனையிலிருந்து குரக்கனும் சோளமும் பயறும் வந்தன. இது நீண்ட காலம் இப்பகுதி மக்களுக்குப் பழகிய உணவு. இதனைப் பொற்காலமென்று புகழ்வது பொருந்தாது. வெள்ளம் வயலை அழித்த ஆண்டுகளில் பசியும் உண்டு; மலேரியா வந்த ஆண்டுகளில் வயலுக்கு ஆளில்லாத நிலையும் உண்டு. ஆயினும் விளைந்த காலத்தில், உடலுக்கு வேண்டியவை பெரும்பாலும் ஒரே வட்டிலிற் சேர்ந்திருந்தன என்பது உண்மை.

இவ்வுணவின் நடுவில் நின்றது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்னரே உரலிலிட்டுக் குத்துவர். எதற்காக அவிக்கவேண்டும் என வினவினால், அரிசி குத்தும்போது நொறுங்காது, பூச்சி எளிதில் அரிக்காது, சோறு குழையாது என்பதே பெண்கள் தரும் விடை. அவிக்கும்பொழுது தவிட்டிலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்து நீரோடு மணியினுள்ளே இறங்குகின்றது. பின்னர் தவிடு நீங்கினாலும் அதில் ஒரு பங்கு உள்ளே தங்கிவிடுகின்றது. விஞ்ஞானம் இதனைக் கண்டறிந்த வரலாறு, வாவிக்கரையிலிருந்து வெகுதூரத்தில் நிகழ்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே கீழைத்தேசங்களைப் ‘பெரிபெரி’ என்னும் நோய் வாட்டிற்று. கால்கள் மரத்தும் வீங்கியும் போய், இறுதியில் இருதயம் ஓய்ந்து மனிதர் மாண்டனர். ஜாவாத் தீவில் கிறிஸ்தியான் ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் இந்நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகளும் அதே வகையான நோயுற்றுத் தள்ளாடின. அவற்றுக்கு வைத்தியசாலையில் மிஞ்சிய வெண்சோறு இடப்பட்டு வந்தது. புதிய சமையற்காரர் ஒருவர் அச்சோற்றைக் கொடுக்க மறுக்கவே, கோழிகளுக்குத் தவிடு நீங்காத மலிந்த அரிசி இடப்பட்டது, அவை நலமடைந்தன. நன்கு தீட்டிய அரிசியே நோய்க்கு வழிவகுக்கின்றது என்பது இவ்வாறு புலனாயிற்று. ஐக்மனுக்கு 1929 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மலாயாவிலே இதற்கு மற்றொரு சான்று கிடைத்தது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் தீட்டிய சயாம் அரிசியை உண்டனர். அவர்களிடையே பெரிபெரி பெருகிற்று. தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே அணுகிற்று. அவர்கள் உண்டது புழுங்கலரிசி. 1905 ஆம் ஆண்டிலே கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் வில்லியம் பிளெச்சர் என்னும் வைத்தியர் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சயாம் அரிசியையும் மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசியையும் வழங்கிப் பார்த்தார். முன்னைய பிரிவில் நோய் பரவி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பின்னைய பிரிவினர் ஏறக்குறைய முற்றாகத் தப்பினர். தவிட்டிலிருந்த அந்த உயிர்ச்சத்தினை 1926 இல் ஜாவாவில் யான்சன், டொனாத் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். பெயர் தெரியாமலே தமிழ்ப்பெண்கள் நெல்லவிக்கும் பானையிற் காத்துவந்த பொருள் அதுவே.

இருபதாம் நூற்றாண்டில் அரிசி ஆலைகள் எங்கும் பரவின. அவற்றைப் பழிப்பது நியாயமன்று. விடியுமுன் எழுந்து நாளுக்கு வேண்டிய நெல்லைக் குத்துவது பெண்களின் தோளையும் இடுப்பையும் முறித்த வேலை. ஆலை அவ்வேலையிலிருந்து அவர்களை விடுவித்தது. ஆனால் ஆலையில் எவ்வளவு தீட்டலாம் என்பதற்கு எல்லை இல்லாமற்போயிற்று. வெண்மையே உயர்வு என்ற எண்ணமும் வளர்ந்தது. விருந்தினருக்குச் சிவப்பரிசிச் சோறு படைப்பது குறைவு என்று கருதும் வழக்கம் பல வீடுகளிற் புகுந்தது.

கோதுமை மா இந்நாட்டு வீடுகளில் ஊன்றுவதற்கு உலகப்போர் காரணமாயிற்று. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி, ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலிலே யப்பானிய விமானங்களின் தாக்குதலால் மூழ்கிற்று. அதற்கு முந்திய மாதத்திலே இரங்கூன் நகரம் யப்பானியர் வசமாகியிருந்தது. இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து, சிறப்பாகப் பர்மாவிலிருந்து, வந்ததாகையால் அவ்வழி அடைபட்டதும் பங்கீடு வந்தது. கூப்பன் புத்தகம் வீட்டுக்கு வீடு புகுந்தது. அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வழங்கப்பட்டது. தொடக்கத்தில் அதனை எவ்வாறு சமைப்பதென்று அறியாது தயங்கிய பெண்கள், பின்னர் அதனை அவித்து அரித்துப் பிட்டாக்கினர், ரொட்டியாகவும் சுட்டனர். அவசரத்துக்கு வந்த மா, போர் முடிந்த பின்னும் வீட்டைவிட்டு அகலவில்லை.

அரிசியும் அரசியலும் எவ்வளவு நெருங்கியவை என்பதை 1953 ஆம் ஆண்டு காட்டிற்று. ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்படவே, ஆகஸ்டு 12 ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. அக்காலத்தில் கல்லோயாத் திட்டத்தினால் கிழக்கே புதிய வயல்கள் திறக்கப்பட்டன. 1958 இல் வெளிவந்த ‘எச் 4’ என்னும் புதிய நெல்லினம் விளைச்சலைப் பெருக்கிற்று; அதுவும் சிவப்பரிசியே. 1970 களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு வந்தபொழுது பாணுக்கும் வரிசை நின்றது. மரவள்ளி மீண்டும் பானையேறிற்று. 1980 இல் திருகோணமலையிலே பெரிய கோதுமை ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர், பாண் சிற்றூர்க் கடைகளுக்கும் நாள்தோறும் வருகின்ற பண்டமாயிற்று.

அதன்பின் வந்தது உள்நாட்டுப் போர். 1983 முதல் 2009 வரையான ஆண்டுகளில் படுவான்கரை மக்கள் பல தடவை வயலையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கிற்று. முகாம்களில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என நிவாரணம் வழங்கப்பட்டது. உயிரைக் காத்த உணவு அது. அதனைக் குறைகூற இடமில்லை. ஆனால் முகாமிலே வளர்ந்த பிள்ளை வாவிமீனையும் முற்றத்துக் கீரையையும் அறியாமலே, மாவையும் சீனியையும் நாளாந்த உணவாக அறிந்து வளர்ந்தது.

உணவு இவ்வாறு மாறிவரும்பொழுதே உழைப்பும் மாறிற்று. வயலில் நாள்முழுதும் உழைத்தவன் வட்டில் நிறையச் சோறுண்டான். அச்சோறு மாலைக்குள் உழைப்பாயிற்று. இன்று உழுவதும் அறுப்பதும் பெரும்பாலும் இயந்திரம். வட்டில் மட்டும் சிறுக்கவில்லை. முன்னாளிற் குறைவினால் வந்த நோய் பெரிபெரி. இந்நாளில் மிகுதியினால் வரும் நோய் நீரிழிவு, அதாவது ஊர்வழக்கில் சலரோகம். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற கணக்கெடுப்பொன்று, இலங்கையில் வளர்ந்தோரிற் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவுடையவர் என்று கண்டது. போரின் காரணமாக அக்கணக்கில் வடக்கும் கிழக்கும் இடம்பெறவில்லை. 2018, 2019 ஆம் ஆண்டுகளின் ஆய்வு, நாட்டில் வளர்ந்தோரில் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டெனக் கண்டது.

வைத்தியசாலையில் உணவை மாற்றுமாறு அறிவுரை பெறுபவர் ஒருவர். உணவை மாற்றவேண்டியதோ ஒரு வீடு. நோயாளிக்கென ஒரு சிறுபானை தனியே வைக்கப்படுகின்றது. மனைவி இரு தடவை சமைக்கின்றாள். பிள்ளைகள் பாண் கேட்கின்றனர். விறகு விலை, எரிவாயு விலை, பள்ளிக்கூட நேரம், வயல்வேலை என்பன குறுக்கிடுகின்றன. சில வாரங்களில் சிறுபானை அடுப்பைவிட்டு இறங்கிவிடுகின்றது. தன்பொருட்டு மற்றவர் வருந்துவதைக் காணப் பொறாத தந்தை, எல்லோரும் உண்பதையே தாமும் உண்கின்றார். இதனை மனவுறுதிக் குறைவு என்று கூறுவது எளிது. உண்மையில், ஒரு பானைச் சோறுண்டு பழகிய குடும்பம் இரண்டு பானைக்குப் பழகுவதில்லை என்பதே காரணம்.

ஆகவே மாறவேண்டியது பொதுப்பானை. இதற்கு மட்டக்களப்பின் குடும்ப அமைப்பே துணையாக உள்ளது. இங்கே குடி தாய்வழியே வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமான மகள் தாயின் வளவிலோ அதன் அயலிலோ வாழ்வது பழைய வழக்கம். தாயின் கைப்பக்குவம் ஒரு வேலி தாண்டினால் மகளின் அடுப்பை அடைந்துவிடும். மா வந்ததும் இவ்வழியே. மீண்டும் தவிட்டரிசி வருவதானாலும் இவ்வழியேதான்.

சிவப்பரிசி மருந்தன்று. அதுவும் மாச்சத்தே, மலையாகக் குவித்து உண்டால் அதுவும் தீங்கு செய்யும். தீட்டாத புழுங்கலரிசியில் நாரும் சத்தும் மிகுதி. அது பச்சையரிசிச் சோற்றைவிட மெல்லச் செரிக்கும். வட்டிலில் ஒரு பாதியைக் கீரைக்கும் மரக்கறிக்கும் விட்டு, மறுபாதியைச் சோறும் மீனும் பகிர்ந்துகொண்டால், அவ்வுணவு நோயாளிக்கும் தகும், நோயற்றவருக்கும் தகும். தேநீரிற் சீனியைக் குறைப்பதற்குச் செலவில்லை. மருந்துண்பவர் சோற்றைத் திடீரெனக் குறைக்குமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.

உரலுக்குத் திரும்பவேண்டியதில்லை. மாரிப்போக அறுவடை முடிந்ததும் வீட்டுத்தேவைக்கென நெல்லவித்து ஆலைக்கு அனுப்பும் குடும்பங்கள் இன்றும் உண்டு. எத்தனை மூட்டை அவிப்பது, எவ்வளவு தீட்டுவது என்பது அந்நாளில் வீட்டில் எழும் பேச்சு. தந்தையின் நோயும் பிள்ளைகளின் வருங்காலமும் அப்பேச்சில் இடம்பெறுமாயின், அவ்வாண்டு முழுவதற்குமான பத்தியம் அன்றே தீர்மானமாகிவிடும்.