ஒரு மீனுக்கு இரு பெயர்

வெப்பக் கடல்களின் மீன்களுக்கு முதன்முதற் பெயரிட்ட அறிஞர்களுட் பலர் அவற்றை உயிருடன் கண்டவரல்லர். பேர்லின் நகர வைத்தியர் மாக்கஸ் எலியேசர் புளொக் அத்தகையவர். 1782 முதல் 1795 வரை, 432 வண்ணப்படங்களுடன் பன்னிரண்டு பாகங்களாக அவர் வெளியிட்ட மீன்நூல் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் அவரிடம் கப்பலேறி வந்தவை சாராயத்தில் ஊறி நிறம் மங்கிய உடல்களே. தரங்கம்பாடியிலிருந்து யோன் பாதிரியார் அனுப்பியவையும் அவற்றுட் பல. கத்தலை மீன்களின் ஒரு பிரிவுக்கு அப்பாதிரியாரின் பெயரையே புளொக் சூட்டினார். அப்பிரிவின் மீனொன்று ‘கருத்த’ என்னும் தமிழ்ச் சொல்லை இன்றும் தன் இலத்தீன் பெயரிற் சுமந்து நிற்கின்றது.

1787ஆம் ஆண்டில், நீலமும் மஞ்சளுமான கோடுகள் நெடுக ஓட, கண்மேற் கரும்பட்டை அணிந்த மீனொன்றுக்குப் பேரரசன் எனப் பொருள்படும் ‘இம்பெராத்தோர்’ என்னும் பெயரை அவர் இட்டார். 1799இல் அவர் மறைந்தபின், சினைடர் என்பார் நிறைவுசெய்து 1801இல் வெளியிட்ட நூலிலே, ‘நிக்கோபாரியென்சிஸ்’ என வேறொரு மீன் இடம்பெற்றது. கருநீல உடலில் வெள்ளை வளையங்கள் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த சிறு மீன் அது. உண்மையில் அது பேரரசனின் குஞ்சேயன்றி வேறன்று.

இதற்காக அப்பெரியார்களை நகையாடுதல் தகாது. கம்பளிப்புழுவையும் வண்ணத்துப்பூச்சியையும் தனித்தனிச் சீசாக்களிற் பெற்றவன் அவற்றை ஓருயிரென எங்ஙனம் அறிவான்? வளையம் கலைந்து கோடாக மாறும் நடுப்பருவத்து மீனைக் கண்டாலன்றி உறவு புலப்படாது. 1831இல் குவியர் பெயரிட்ட அரைவட்ட மீனின் கதை இன்னும் வேடிக்கையானது: குஞ்சின் வெள்ளை வில்வளைவுகளால் வந்த பெயரை, அவ்வளைவுகளை இழந்த முதுமீனும் தாங்கி நிற்கின்றது.

மீனை அதன் இருப்பிடத்திலேயே காணும் வழியை நிழற்படம் திறந்தது. 1893இல் லூயி பூத்தான் பிரான்சின் தென்கரையிலே கடலடியிற் படம்பிடித்தார். 1926இல் லோங்லியும் மாட்டினும் புளோரிடாவையடுத்த கடலில், மகனீசியத் தூளின் ஒளியைத் துணைக்கொண்டு வண்ணப்படமே எடுத்தனர். இன்று முருகைக் கற்பாறையின் பொந்தொன்றில் ஒளிந்த குஞ்சின் படத்தைப் பார்ப்பவர், முதலில் அதன் கன்னத்து முள்ளைத் தேடுவர். இக்குடும்பத்தின் அடையாளம் அது. அடுத்து வாலருகே நோக்குவர். அங்கே வெள்ளைக்கோடு மூடிய வளையமாயின் பேரரசன். வாற்புறம் திறந்த வளைவாயின் அரைவட்ட மீன். ஆனால் நடுப்பருவத்திலே வளையம் சிதைந்து போகும். அப்போது ஒரு படம் போதாது. அதே பொந்தில் அதே மீனைப் பல மாதம் தொடர்ந்து படம்பிடித்தலே வழி.