மேகநாத் சாகா: ஆய்வுக்கூடத்திலிருந்து மக்களவைக்கு

தேர்தல் வந்தால் வேட்பாளர் என்ன படித்தார், என்ன தொழில் செய்தார் என்பதை அறிந்துகொள்கிறோம். அந்தப் படிப்பும் தொழிலும் அவருடைய கொள்கைகளில் எவ்வாறு செயற்பட்டன என்று பெரும்பாலும் கேட்பதில்லை. இக்கேள்விக்கு 1952 தேர்தலில் வடமேற்குக் கல்கத்தாவில் வென்று முதல் மக்களவைக்குச் சென்ற இயற்பியலாளர் மேகநாத் சாகாவின் வாழ்வு நல்லதொரு சான்று.

டாக்காவுக்கு அருகிலுள்ள சிற்றூரில், சிறு கடை நடத்திய குடும்பத்தில் 1893இல் பிறந்தவர் சாகா. 1920இல் அவர் வெளியிட்ட வெப்ப அயனியாக்கக் கோட்பாடு, நிறமாலையைக் கொண்டு விண்மீன்களின் வெப்பநிலையை அறிய வழிவகுத்தது. காங்கிரஸை எதிர்த்து இடதுசாரி ஆதரவுடன் தேர்தலில் நின்றபோது, செலவுக்காகத் தம் வெப்பவியல் பாடநூலின் பதிப்பாளரிடம் முன்பணம் கேட்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார்.

அவருடைய அரசியல் அக்கறைகள் தேர்தலுக்காகப் பிறந்தவை அல்ல. 1922இல் வடவங்க வெள்ளத்தின்போது பிரபுல்ல சந்திர ராயின் தலைமையில் நிவாரணப் பணியாற்றினார். 1935இல் 'சயின்ஸ் அண்ட் கல்ச்சர்' இதழைத் தொடங்கி, ஆறுகளையும் மின்னாற்றலையும் பற்றி இடைவிடாது எழுதினார். 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் உறுப்பினரானார். 1943 தாமோதர் வெள்ளத்துக்குப் பின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவிலும் இடம்பெற்று, அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் காட்டினார். தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் உருவானது. ஆற்றைத் தனித்தனி அணைகளாகக் காணாமல், வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றும் பிணைந்த ஒரே அமைப்பாகக் கண்டதில் இயற்பியலாளரின் பார்வை தெரிகிறது.

எனினும் எல்லாவற்றையும் தொழிலின் கணக்கில் எழுதிவிட முடியாது. கிழக்கு வங்க அகதிகளின் மறுவாழ்வுக்காக அவர் குரல்கொடுத்ததற்கு, அவரும் அம்மண்ணில் பிறந்தவர் என்பதே நெருங்கிய காரணம்.

சிக்கலான இடம் அணுவாற்றல். 1954 மே மாதம் மக்களவையில் அதுபற்றிய விவாதத்தை எழுப்பிய சாகா, 1948ஆம் ஆண்டுச் சட்டம் வளர்த்த இரகசியத்தைக் கண்டித்தார். கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை உருவாக்கியவரும் அவரே. ஆராய்ச்சியின் அதிகாரமும் நிதியும் ஹோமி பாபாவின் தலைமையில் ஓரிடத்தில் குவிந்தது அவரையும் பாதித்தது. ஆகவே அவர் அவையில் பேசியது துறையறிவோடு மட்டுமன்று, துறைசார்ந்த நலனோடும்தான். அதனால் அவர் எழுப்பிய கேள்வியின் மதிப்பு குறைவதில்லை. அதை எடைபோடும் நம் பொறுப்புதான் கூடுகிறது.

1956 பிப்ரவரி 16 அன்று, தில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் சாகா காலமானார். அவர் தலைமையேற்ற நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி, சக ஆண்டு அடிப்படையிலான தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஒரு வேட்பாளரின் பட்டத்தைப் பார்க்கும்போது மேலும் இரண்டைச் சேர்த்துக் கேட்கலாம்: தேர்தலுக்கு முன்பே அவர் எந்தச் சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார்? அதன் தீர்வில் அவருக்கு என்ன பங்கு இருக்கிறது?